சாமான் கைமாறிவிட்டது, பொறுப்பு கைமாறியதா?

திருகோணமலை வாசகர் ஒருவரின் கேள்வி: "டொரொன்டோவில் உள்ள மொத்த வியாபாரி ஒருவருக்கு 80 பெட்டி கருவாடு விற்றிருக்கிறேன். ஒப்பந்தத்தில் 'எஃப்.ஓ.பி. திருகோணமலை' என்று இருக்கிறது. லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோய், அவர் சொன்ன ஃபார்வர்டரின் (சரக்கு அனுப்பும் முகவரின்) களஞ்சியத்தில் இறக்கி ரசீதும் வாங்கிவிட்டேன். கப்பலுக்குக் காத்திருந்த ஆறு நாளில் மழைத் தண்ணீர் புகுந்து 11 பெட்டி நனைந்துவிட்டது. கப்பல் இன்னும் வரவில்லை. அந்தப் பெட்டிகளுக்குக் காசு தரமாட்டேன் என்கிறார். அவருடைய ஆளிடம் ஒப்படைத்த பிறகும் நட்டம் எனக்கா?"

சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ளபடி பார்த்தால் நட்டம் உங்களுக்குத்தான். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறிய பிறகே பொறுப்பு வாங்குபவருக்குப் போகும். அதுவரை லொறியில் கிடந்தாலும் களஞ்சியத்தில் கிடந்தாலும், சாவி யார் கையில் இருந்தாலும், பொறுப்பு உங்களுடையது.

ஆனால் அவர் சொல்வதை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு நாள் ஏன் காத்திருந்தது? எஃப்.ஓ.பி.யில் கப்பலை ஏற்பாடு செய்வது வாங்குபவரின் வேலை. அவர் குறித்த கப்பல் நேரத்துக்கு வராவிட்டால், அல்லது எந்தக் கப்பல் என்று அவர் அறிவிக்கவே இல்லையென்றால், ஒப்புக்கொண்ட திகதியிலிருந்து பொறுப்பு அவருடையது. ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பெட்டிகள் இந்த ஒப்பந்தத்துக்கு உரியவை என்று தெளிவாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் அவருடைய பெயரும் ஓடர் இலக்கமும் இருந்தால் நல்லது. வட்ஸ்அப்பில் கப்பல் திகதி பற்றி அவர் எழுதியதையெல்லாம் தேடி எடுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகுதான் தண்ணீர் புகுந்தது என்றால் பேச இடமிருக்கிறது.

களஞ்சியக்காரரையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று இருக்கிறதா, ஏதாவது குறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறை எதுவும் இல்லாத ரசீது பெரிய பலம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முறைப்பாட்டுக்கான கால எல்லை இருக்கக்கூடும். இன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள். நனைந்த பெட்டிகளின் அடிப்பக்கத்தையும், தண்ணீர் வந்த கூரையையோ தரையையோ சேர்த்துப் படம் எடுங்கள்.

அப்புறம், அந்த 'திருகோணமலை' என்ற சொல். நம் துறைமுகம் இயற்கை தந்த பெரும் துறைமுகம்தான். கோதுமை, சீமெந்து, எரிபொருள் எல்லாம் வருகிறது. புல்மோட்டைக் கனிய மணல் போல மொத்தமாகக் கப்பலில் கொட்டும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. சரியாகப் பொருந்தும். ஆனால் பெட்டிச் சரக்கு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பில்தான் கொள்கலனுக்குள் போகிறது. இந்தச் சரக்குக்கான கப்பல் வராத துறைமுகத்தின் பெயரை எழுதினால் சண்டைக்கு நாமே வழி விடுகிறோம்.

அடுத்த ஒப்பந்தத்தில் எஃப்.சி.ஏ. போடுங்கள், அதாவது குறித்த இடத்தில் வாங்குபவரின் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறும் முறை. கொள்கலன் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது என்று எஃப்.ஓ.பி. போன்ற விற்பனைச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிடும் சர்வதேச வர்த்தக சபையே சொல்கிறது. பழக்கத்தால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். 'எஃப்.சி.ஏ., இன்ன களஞ்சியம், இன்ன வீதி, கொழும்பு, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முழு முகவரியோடு எழுதினால், உங்கள் லொறி அங்கே போய், இறக்கத் தயாராக நின்றதுமே பொறுப்பு மாறிவிடும். இந்த மழை அவருடைய மழையாகியிருக்கும். லொறிப் பயணம் மட்டும் உங்களுடையது. அதற்கு ஒரு உள்ளூர்ப் போக்குவரத்துக் காப்புறுதி எடுங்கள்.

எல்.சி. (ஆவணங்களைக் காட்டினால் வங்கி காசு தரும் கடன் கடிதம்) வழியாகக் காசு வருவதானால், சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் பி.எல். (கப்பல் கம்பனி தரும் சரக்குப் பத்திரம்) வங்கிக்கு வேண்டியிருக்கும். எஃப்.சி.ஏ.யில் அது கிடைக்காதே என்று பலர் பயப்படுகிறார்கள். 2020 விதிகளில் இதற்கு வழி உண்டு: சரக்கு ஏறியதும் அப்படியொரு பி.எல். உங்களுக்குத் தரும்படி வாங்குபவர் கப்பல் கம்பனிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் சி.ஐ.எஃப். (விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விற்பனை) கேட்டால் கவனம். கூலியும் காப்புறுதியும் நீங்கள் கட்டுவதால் கடைசிவரை பொறுப்பு உங்களுடையது என்று அவர் நினைக்கலாம். இல்லை, அதிலும் கொழும்பில் கப்பல் ஏறியதோடு பொறுப்பு மாறுகிறது. அதில் விதி கேட்பதும் குறைந்தபட்சக் காப்புறுதிதான், 'சி' பிரிவு. மழையில் நனைந்ததற்கு அது காசு தராது. காப்புறுதியோடு விற்பதானால் சி.ஐ.பி. (கூலியும் காப்புறுதியும் நீங்கள் கட்டும் இன்னொரு முறை) போடுங்கள், அதற்கு மிக விரிவான 'ஏ' பிரிவு, விலையின் 110 சதவீதத்துக்கு.

இப்போதைக்கு, நனைந்த 11 பெட்டியை மற்ற 69 பெட்டியோடு ஏற்ற விடாதீர்கள். ஒரு பெட்டியின் ஈரம் போதும், கொள்கலன் முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். பொதி சரியில்லை, சரக்கின் இயல்பு அப்படி என்று காப்புறுதிக்காரர் கையை விரிப்பார். கப்பல் வருவதற்குள் வேறு 11 பெட்டி நன்றாகக் காயவைத்துக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் இன்றே அவருக்கு எழுதுங்கள்.