கொடுத்த எழுத்தெல்லாம் இருக்கும் நீளமான ஆங்கில வார்த்தையைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் வார்த்தைப் போட்டி. சி, ஜி, எச், ஒய், அப்புறம் பென்சிலில் வரும் பி, இந்த ஐந்தும் இருக்கிற ஆங்கில வார்த்தை வேண்டும், நீளம் கூடக்கூட மதிப்பெண். வேறு எழுத்துகளும் சேரலாம், வரிசை எப்படியும் இருக்கலாம். அனகிராம் தளங்களில் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. ஏன்? எப்படித் தேடுவது?

பதில்: அந்தத் தளங்கள் வேறு வேலைக்கானவை. கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்து வார்த்தை அமைப்பது அனகிராம். உங்களுக்கு வேண்டியது இந்த ஐந்தையும் உள்ளே வைத்திருக்கும் வார்த்தை, கூட என்ன இருந்தாலும் சரி. ஏ, ஈ, ஐ, ஓ, யு எதுவும் இல்லாத ஐந்து எழுத்தை அனகிராம் தளத்தில் போட்டால் அது என்னதான் தரும்?

முதலில் கையால் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடமாவது. எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துப் போடுவதில் பலன் இல்லை, எது எதோடு ஒட்டும் என்று பார்க்க வேண்டும். பியும் எச்சும் பக்கத்தில் வந்தால் 'ஃப' ஓசை, உடனே கிரேக்க வழி வந்த வார்த்தைகள் நினைவுக்கு வர வேண்டும். ஜியும் ஒய்யும் இருக்கிறதா? அப்படியென்றால் 'கிராஃபி', 'லஜி' என்று முடியும் வார்த்தைகளைத்தான் முதலில் துழாவ வேண்டும். கிராஃபியில் ஏற்கெனவே நான்கு எழுத்து அடங்கிவிட்டது, மீதி சி மட்டும்தான். கேலிக்ராஃபி 11 எழுத்து, கிரிப்டோகிராஃபி 12, கோரியோகிராஃபியும் 12. லஜி பக்கம் போனால் எல்லோருக்கும் தெரிந்த சைக்காலஜி, 10 எழுத்து, ஐந்தும் உள்ளே இருக்கிறது.

இங்கேயே நின்றுவிடக் கூடாது, வார்த்தையை இழுக்க வேண்டும். கிராஃபி, கிராஃபிக், கிராஃபிக்கல், கிராஃபிக்கலி: ஒவ்வொரு படியிலும் வால் வளர்கிறது, அதோடு சி தானாகவே உள்ளே வந்துவிடுகிறது, அதனால் முன்பாதியில் சி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது. ஜியாகிராஃபியில் சி கிடையாது, ஆனால் ஜியாகிராஃபிக்கலி 14 எழுத்தில் நமக்குப் பொருந்தும். ஃபோட்டோகிராஃபிக்கலி 16, ஆட்டோபயோகிராஃபிக்கலி 18, சினிமட்டோகிராஃபிக்கலி 19, கிரிஸ்டலோகிராஃபிக்கலி 20. எனக்கு இதில் பிடித்த வார்த்தை வேறு: சர்க்கரை குறைந்துபோவதற்கு மருத்துவர்கள் சொல்லும் ஹைபோகிளைசீமியா. 'ஹைபோ' என்ற முன்னொட்டே எச், ஒய், பி மூன்றையும் ஒரே வீச்சில் தந்துவிடுகிறது, கிளை என்ற இடத்தில் ஜி, அடுத்தே சி. அமெரிக்க எழுத்துமுறையில் 12, பிரிட்டிஷ் முறையில் ஓர் ஏ கூடுவதால் 13. எந்த முறையை ஏற்கிறார்கள் என்று போட்டி நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்திலேயே நீளமானது என்று 45 எழுத்து நுரையீரல் நோயின் பெயர் ஒன்றைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் அல்லவா, 'நியூமோனோ' என்று தொடங்குமே, அது இங்கே உதவாது. 1935இல் நீளத்துக்காகவே உருவாக்கப்பட்ட வார்த்தை அது, அதில் ஜியும் இல்லை, எச்சும் இல்லை, ஒய்யும் இல்லை.

சரி, கணினிக்கு வருவோம். முதல் தேவை நல்ல வார்த்தைப் பட்டியல். எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பட்டியலை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான் என்பதால் அதற்கான காலின்ஸ் பட்டியலில் அதற்கு மேல் நீளமான வார்த்தையே இருக்காது, மேலே சொன்ன 16, 18, 20 எல்லாம் கண்ணிலேயே படாது. இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் பட்டியலில் அந்த வரம்பு இல்லை, சுமார் 1,72,000 வார்த்தைகள். மேக் கணினிக்குள்ளேயே ஒரு பட்டியல் உண்டு, ஆனால் அது 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, வழக்கொழிந்த வார்த்தைகள் நிறைய வரும், கிடைத்ததை இன்றைய அகராதியில் சரிபார்க்காமல் மகளிடம் கொடுக்காதீர்கள்.

பட்டியலை எக்செல்லில் ஏ நெடுவரிசையில் ஒட்டுங்கள், இத்தனை வரிகளை அது தாராளமாகத் தாங்கும். பி நெடுவரிசையில் சர்ச் ஃபங்ஷன், எதைத் தேட வேண்டும் என்ற முதல் இடத்தில் ஐந்து எழுத்துகளையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் போட்டு, காற்புள்ளியால் பிரித்து, மொத்தத்தையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் வையுங்கள், எதில் தேட வேண்டும் என்ற அடுத்த இடத்தில் அதே வரியின் ஏ கட்டம், இந்த சர்ச் முழுவதையும் சுற்றி கவுண்ட். விடை 5 என்றால் ஐந்து எழுத்தும் இருக்கின்றன என்று பொருள். சி நெடுவரிசையில் லென் போட்டு நீளம் எடுங்கள். பியில் 5 உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, சியை இறங்குவரிசையில் அடுக்கினால் நீளமானது மேலே வந்து நிற்கும். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு ஐந்து கிரெப்பை பைப் போட்டுக் கோத்தாலே போதும்.

போட்டியில் ஒரே எழுத்தை இரண்டு முறை கொடுத்தால், உதாரணமாக இரண்டு ஜி, இந்தச் சூத்திரம் ஏமாற்றும், ஏனென்றால் அது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது, எத்தனை என்று எண்ணுவதில்லை. அதற்கு சப்ஸ்டிட்யூட் வைத்து ஜியை எல்லாம் நீக்கிவிட்டு, நீளம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், இரண்டோ அதற்கு மேலோ குறைந்தால் அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம்.