ஐஸ் தட்டில் பரங்கிக்காய்

கேள்வி: மகனுக்கு 6 மாதம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையே காய், பழங்களை வேகவைத்து அரைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குச் சுலபம் என்று நினைத்தேன். அவரோ, "பச்சைப் பிள்ளைக்குப் பழசைக் கொடுப்பதா?" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தனை கதவு? இரண்டு என்றால் நீங்கள் சொல்வது சரி. தனி ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால், அரைத்து வைத்தது ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். ஒற்றைக் கதவுக்குள் சின்னப் பெட்டி என்றால் அவ்வளவு குளிர் நிற்காது. அப்போது நான் மாமியார் கட்சி. நாலைந்து நாளுக்கு மேல் வேண்டாம்.

என் பேத்திக்கு இட்லிப் பானைதான் உதவியது. தட்டில் காரட், பரங்கிக்காய்த் துண்டுகளைப் பரப்பி ஆவியில் வேகவைப்பேன். அரைத்ததைப் பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, ஐஸ் தட்டில் ஊற்றி மூடிவிடுவேன். மறுநாள் கட்டிகளைத் தட்டியெடுத்து ஜிப் கவரில் போட்டுப் பெயர், தேதி எழுத வேண்டும். உறைந்த பிறகு காரட்டும் பரங்கியும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன! ஒரு கட்டி ஏறக்குறைய 2 மேசைக்கரண்டி. ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒன்று போதும்.

மிக்ஸி ஜாரைத் தனியாக வையுங்கள். நான் சட்னி ஜாரைக் கழுவிவிட்டுத்தான் ஆப்பிளை அரைத்தேன். பிளேடுக்கு அடியில் மிளகாய் ஒளிந்திருக்கிறது. பேத்தி அழுத அழுகையில் ஒரு தட்டு முழுக்கக் குப்பைக்குப் போனது.

ஆப்பிள், பட்டாணி, சர்க்கரைவள்ளி எல்லாம் நன்றாக உறையும். வாழைப்பழம் கறுத்துவிடும், கையால் மசிக்க ஒரு நிமிடம் ஆகுமா, அதை எதற்கு உறைய வைப்பது? உருளைக்கிழங்கு நீர் விட்டுக்கொண்டு திரிதிரியாகும். கீரை அன்றன்றைக்குத்தான்.

முதல் நாள் இரவே கட்டியைக் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து உருக விடாதீர்கள். மறுநாள் கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்து நன்றாகச் சூடாக்கி, ஆறியபின் ஊட்டலாம். உருகியதை அன்றே தீர்க்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. கரண்டி வாயில் பட்ட மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மாமியாரிடம் பேச வேண்டியது இதைத்தான். நம் தலைமுறைக்குக் கொட்ட மனசு வராது.

பகலில் மின்சாரம் போய் வந்ததா என்று உங்களுக்குத் தெரியாதே! ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிடுங்கள். காசு உள்ளே இறங்கியிருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. யோசிக்காமல் கொட்டுங்கள்.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம். தேன் விஷயத்தில் யார் வற்புறுத்தினாலும் இளகாதீர்கள். அப்புறம், காயும் பழமும் மட்டும் பிள்ளைக்குப் போதாது. பருப்பையும் கேழ்வரகுக் கூழையும் மாமியார் சுடச்சுடச் செய்யட்டும். உங்கள் கட்டி ஒன்றைச் சூடாக்கி அதில் கலந்தால் அவருக்கும் பழசு என்ற குறை இருக்காது.

கேள்வி: என் மகளுக்கு 10 மாதம். பல் இரண்டுதான். கொஞ்சம் திப்பியாக இருந்தாலும் துப்புகிறாள். அரைத்தே கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மெல்வதற்கு ஈறு போதும். ஒரு வாரம் மத்தால் கடைந்து கொடுங்கள், அடுத்த வாரம் கரண்டியால் நசுக்கி, பிறகு விரலால் பிசைந்து. துப்பினால் திட்டாமல் மறுநாள் மறுபடி வையுங்கள். என் பேத்தி பத்து நாள் இட்லியைத் துப்பினாள். பதினோராம் நாள் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள்.