பிராட்செட்: தவறான வாசல் – கடிதம்

வணக்கம் சார்,

ஆங்கில நகைச்சுவை நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நம்பி, அவருடைய டிஸ்க்வேர்ல்ட் என்ற மாயாஜால நாவல் வரிசையின் முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்'கை எடுத்தேன். எண்பது பக்கம் ஆகிவிட்டது. இரண்டு இடத்தில் லேசாகப் புன்னகைத்தேன், அவ்வளவுதான். மாயாஜாலக் கதைகள் நான் அதிகம் படித்ததில்லை. மொத்தம் 41 நாவல்களாம். தொடரலாமா, விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்,

மூடி வைத்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனது என் தவறு.

ஒருவருடைய நடையைப் பழித்துக் காட்டினால், அந்த ஆளைத் தெரிந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரும். 1983இல் வந்த அந்த முதல் நாவல் முழுக்க அப்படிப்பட்டதுதான். வாளும் மந்திரமுமாக எழுதப்பட்ட சாகசக் கதைகளைப் பக்கத்துக்குப் பக்கம் கிண்டலடிக்கிறது. அவற்றைப் படிக்காதவருக்கு அது அடுத்தவர் வீட்டு நகைச்சுவை. பிராட்செட்டும் அப்போது பிராட்செட் ஆகியிருக்கவில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் தொடங்க வேண்டியது 'மார்ட்'. 1987, வரிசையில் நான்காவது. எந்தத் தொழிலுக்கும் லாயக்கில்லாதவன் என்று பெயரெடுத்த ஒரு பையன். வேலைக்கு ஆள் எடுக்கும் சந்தையில் எல்லாப் பையன்களையும் யாராவது அழைத்துப் போய்விடுகிறார்கள். இவன் மட்டும் நள்ளிரவு வரை நிற்கிறான். கடைசியில் வெள்ளைக் குதிரையில் மரணமே வந்து அவனைத் தொழில் பழக அழைத்துப் போகிறது. முதல் வேலை, லாயத்தைச் சுத்தம் செய்வது. முடித்து வந்தவனிடம், ஏன் அந்த வேலையைக் கொடுத்தேன் என்று மரணம் கேட்கிறது. பையன் யோசிக்கிறான். கீழ்ப்படிதலைக் கற்பிக்கவா? பெரிய மனிதர்களும் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உணர்த்தவா? எதுவும் சரியாகப் படவில்லை. கடைசியில், லாயத்தில் முழங்கால் அளவுக்குச் சாணி கிடந்தது, அதனால்தான் என்று நினைக்கிறேன் என்கிறான். மிகச் சரி என்கிறது மரணம்.

இதற்குச் சிரிக்க மாயாஜாலக் கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். குருகுலக் கதை ஒன்றாவது கேட்டிருந்தால் போதும்.

'வரிசை' என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். ஆமை மேல் நான்கு யானைகள், யானைகள் மேல் தட்டையான உலகம். அந்த உலகம்தான் பொது. மற்றபடி சூனியக்காரிகள், நகரக் காவலர்கள், மரணம் என்று தனித்தனிக் கூட்டங்கள். பெரும்பாலான நாவல்கள் தனியாகவே நிற்கும்.

'மார்ட்' பிடித்தால் அடுத்தது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (Guards! Guards!), நகரக் காவலர்களின் கதை. கதைகளில் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு எப்போதும் பலித்துவிடும், இல்லையா? காவலர்களுக்கும் அது தெரியும். டிராகன் மேல் அம்பு விட வேண்டிய நேரத்தில், வாய்ப்பு அவ்வளவு மோசமாக இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். முகத்தில் கரியைப் பூசி, நாக்கை நீட்டி, ஒற்றைக்காலில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு எய்தால் கணக்குச் சரியாக வருமா என்று பார்க்கிறார்கள். அம்பு என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் 'ஸ்மால் காட்ஸ்'. நம்புகிறவன் ஒரே ஒருவன் என்றாகிவிட்டதால் ஆமையாகச் சுருங்கிப்போன ஒரு கடவுளின் கதை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆனால் முதலில் இதைக் கொடுத்தால் இவர் தத்துவ எழுத்தாளர் என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டு விஷயம். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், நல்ல நகைச்சுவையில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' நாவலைக் கடைசி வரை தொடாதீர்கள். தனக்கு அல்சைமர் நோய் என்று 2007இல் அறிவித்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தவர், 2015 மார்ச்சில் இறந்தார். அது அதற்குப் பின் வந்த நாவல். அவரோடு கொஞ்ச காலம் பழகியவர்கள் படிக்க வேண்டியது.

இவரைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. மரணம் பேசுவதையெல்லாம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வடிவில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சிடுவார்கள். நம் எழுத்தில் பெரியது சின்னது ஏது? கல்வெட்டுத் தமிழில் பேச வைக்கலாமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

சரி, 'மார்ட்'டில் மரணம் விடுப்பு எடுத்துக்கொண்டு சமையல் வேலைக்குச் சேரும் இடம் வரை படியுங்கள். அங்கேயும் சிரிப்பு வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வற்புறுத்த மாட்டேன்.