இ-சைக்கிளில் ராமநாதபுரம் கடற்கரை: காற்றைக் கேட்டு வழியை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஆளுக்கொரு இ-சைக்கிள் வாங்கியிருக்கிறோம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் போகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பொங்கல் விடுமுறைக்கு ராமநாதபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி எல்லாவற்றையும் ஊர் ஊராக ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா? வழியில் எங்கே சார்ஜ் போடுவது? மனைவிக்கு லைசென்ஸ் கிடையாது. அது பிரச்சினை ஆகுமா?
மதுரை வாசகர் ஒருவர்

பதில்: ஒரே நாளில் வேண்டாம். தேவிபட்டினம் வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கீழக்கரை தெற்கே 17, அங்கிருந்து ஏர்வாடி இன்னும் பத்து. இரண்டு பக்கமும் போய்த் திரும்பி, நடுவில் திருப்புல்லாணிக்கு அருகிலுள்ள சேதுக்கரைக்கும் ஒரு எட்டு போய் வந்தால் கணக்கு 90ஐத் தொடும். உங்கள் பேட்டரிக்கும் அது அதிகம், உங்கள் முழங்காலுக்கும் அதிகம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பதைக் காற்று சொல்லும்.

விளம்பரத்தில் போடும் 60 கிலோமீட்டர், காற்றில்லாத நல்ல ரோட்டில், எடை குறைந்த ஒருவர் விடாமல் பெடல் மிதித்தால் கிடைப்பது. ராமநாதபுரம் சீமையில் மேடு பள்ளம் கிடையாது, அதனால் பேட்டரி நிறைய மிஞ்சும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேட்டின் வேலையை இங்கே காற்று செய்கிறது. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் நெஞ்சில் மோதுவது 40. மோதும் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மேடு என்றால் ஏறிய பிறகு இறக்கம் வரும். எதிர்காற்று மணிக்கணக்கில் ஓயாமல் அடிக்கும். ஆகவே பேட்டரி நிரம்பியிருக்கும் காலையில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளட்டும்.

தை மாதம் இந்தக் கரையில் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும். எனவே நீங்கள் போக வேண்டியது தேவிபட்டினம் பக்கம். இதே கேள்வியை ஆடியில் கேட்டிருந்தால் திருப்புல்லாணி, கீழக்கரை பக்கம் போகச் சொல்லியிருப்பேன். அப்போது கச்சானும் சோளகமுமாக மேற்கிலும் தெற்கிலும் இருந்துதான் அடிக்கும். ஏர்வாடியை இந்தத் தடவை அக்கா வீட்டுக் காரிலோ பஸ்ஸிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பேட்டரிக் கணக்கு. 36ஐப் பத்தால் பெருக்கினால் 360 வாட்-ஹவர். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது, 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அசிஸ்ட்டில், அதாவது மோட்டாரின் உதவியைக் குறைவாக வைத்து, பெடல் மிதித்துக்கொண்டே போனால் எதிர்காற்றில் கிலோமீட்டருக்குப் 12 வாட்-ஹவர், காற்றோடு திரும்பும்போது 6 என்று நான் கணக்குப் போடுவேன். தேவிபட்டினம் போக 180, வர 90. ஆக 270, ஒரே சார்ஜில் முடிந்துவிடும். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் பத்து கிலோமீட்டர் வடக்கே போய்த் திருப்பாலைக்குடியையும் பார்க்க ஆசைப்பட்டால் கூடுதலாக 180 வேண்டும். மொத்தம் 450. கையிலிருக்கும் 300 போக மீதி 150ஐ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் சார்ஜர் 2 ஆம்பியர் என்றால் இரண்டு மணி நேரம் போதும். பெடல் மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு போவதாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

சார்ஜ் போட ஸ்டேஷனைத் தேட வேண்டாம். உங்கள் சார்ஜர் இழுப்பது 100 வாட்டுக்கும் கீழே, ஒரு சீலிங் ஃபேன் அளவுக்குத்தான். சாதாரண 5 ஆம்பியர் பிளக் இருக்கும் டீக்கடை, மெஸ், சைக்கிள் கடை எதுவும் போதும். முழு சார்ஜுக்கே அரை யூனிட் ஆகாது. சாப்பிட உட்காரும் கடையிலேயே, "அண்ணே, பேட்டரியைக் கொஞ்ச நேரம் போட்டுக்கிறலாமா?" என்று கேளுங்கள். யாரும் மாட்டேன் என்பதில்லை. போகும்போது இருபது ரூபாயைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போங்கள். நண்டுக் குழம்பு கிடைக்கிற மெஸ்ஸாகப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. முதல் நாள் பேப்பரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அந்த ஊர்ப் பெயர் அதில் இருந்தால் காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும் கரன்ட் இருக்காது. வெயிலில் கொதித்த பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள்.

டிஸ்ப்ளேயில் தெரியும் பேட்டரி அளவுக் கட்டிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். எதிர்காற்றில் மோட்டார் இழுக்கும்போது ஒரு கட்டி இறங்கும், நிறுத்தினால் திரும்ப ஏறும். நின்று ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பதுதான் சரியான அளவு.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் பேட்டரியை விடப் பெரிய தலைவலி கருவேல முள். ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேலம்தான். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். ரோட்டை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். வண்டியை நிறுத்தும்போதும் மரத்தடி நிழல் என்று பார்க்காமல், அது என்ன மரம் என்று பாருங்கள். கிளம்பும் முன்பே ட்யூபில் ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் ஊற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

அப்படியும் பஞ்சர் ஆனால், பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் தயங்குவார். நியாயம்தான். மோட்டார் ஒயரைப் பிடுங்கி, நட்டுகளைக் கழற்றி, திரும்ப அதே வரிசையில் மாட்டுவது வேலைதான். ஆனால் ஒட்டுப்போடச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. வண்டியைப் படுக்கவைத்து, மேல்பக்கமாக டயரின் ஓரத்தை மட்டும் லீவரால் நெம்பி ரிம்முக்கு வெளியே கொண்டுவந்து, ட்யூபை அந்த இடைவெளி வழியாக வெளியே இழுத்தால் ஓட்டை கைக்கு வந்துவிடும். ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். முள்ளின் முனை ஒடிந்து ரப்பருக்குள் நின்றுகொண்டிருந்தால் துணி அதில் சிக்கும், இடுக்கியால் பிடுங்கிவிடலாம். இதைச் செய்யாமல் காற்றடித்தால் இரண்டு கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறினால்தான் காற்றும் ஏறும், எட்டு மணிக்குள் தேவிபட்டினம் சேர்ந்துவிடலாம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகக் கற்களை, பார்த்துவிட்டு வடக்கே நகருங்கள். தை அமாவாசையன்று மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளில் போகாதீர்கள், தர்ப்பணத்துக்கு வரும் பஸ்ஸும் வேனும் ரோட்டை அடைத்துவிடும். அறுப்புக் காலம் என்பதால் சில ஊர்களில் நெல்தாளை ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஏற்றினால் செயினிலும் மோட்டார் ஓரத்திலும் சுற்றிக்கொள்ளும், இறங்கித் தள்ளுங்கள். மீனவர் தெருக்களில் மணலில் காயும் வலையைச் சுற்றிப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் வரும் வேகத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுவது நல்லது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும், பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு.

அந்த உப்பு சைக்கிளுக்கும் ஆகாது. வீடு திரும்பியதும் போர் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாமல், குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் இடத்திலுள்ள பித்தளை முனைகளைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பச்சை பூத்த பிறகு சுரண்டுவதை விட இது சுலபம். செயினுக்கு அன்று ராத்திரியே எண்ணெய் விடுங்கள்.

லைசென்ஸ் விஷயம்: மோட்டார் 250 வாட்டுக்குள், வண்டியின் எடை 60 கிலோவுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் உதவி தானாக நின்றுவிடும், பெடலை நிறுத்தினாலும் நின்றுவிடும் என்றால், மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனமே ஆகாது. லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். கடைக்காரர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு லாக்கை எடுத்துக்கொடுத்திருந்தால் கதை வேறு. கிளம்பும் முன் அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.