எம்.பி. என்று எழுதிய தலைக்கவசமும் அதை அணிந்தவரும்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இராணுவக் காவலரின் எம்1 தலைக்கவசங்களை வாங்கியவர்களும் வாங்க எண்ணுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எம்.பி. என்பது 'மிலிட்டரி போலீஸ்', அதாவது இராணுவக் காவலர் என்பதன் சுருக்கம். எம்1 தலைக்கவசம் இரண்டு பகுதிகளைக் கொண்டது: வெளியே எஃகு ஓடு, அதற்குள் பொருந்தும் லைனர் என்ற இலேசான உள்கவசம்.

கேள்வி: ஐயா, வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு பழைய வீட்டின் சாமான்களை விற்றபோது இந்தத் தலைக்கவசத்தை வாங்கினேன். முன்புறம் வெள்ளை நிறத்தில் எம்.பி. என்று எழுதியிருக்கிறது. உட்புறத்தில், முன் விளிம்பை ஒட்டி, மூன்று இலக்க எண்ணும் ஓர் எழுத்தும் குத்தப்பட்டுள்ளன. இந்த எண்ணைக் கொண்டு அணிந்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. அது ஆளுக்குரிய எண் அன்று. அந்த ஓடு எந்த எஃகுத் தொகுதியிலிருந்து வந்தது என்பதற்காகத் தொழிற்சாலை இட்ட அடையாளம். எண்ணோடு சேர்ந்து 'எஸ்' என்ற எழுத்து தனியே கீழே இருந்தால் அது செயின்ட் லூயிஸ் நகரின் ஷ்லூட்டர் நிறுவனம் செய்தது. இல்லாவிட்டால் டெட்ராய்ட்டின் மெக்கார்ட் நிறுவனம் செய்ததாகக் கொள்ளலாம். 1941 முதல் போர் முடியும் வரை ஏறத்தாழ 2.2 கோடி ஓடுகள் செய்யப்பட்டன. எந்த ஓடு எந்த வீரருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேடு எதுவும் கிடையாது. அப்படியொரு பட்டியலைப் பார்த்து உரிமையாளரைச் சொல்வதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விற்பவர் இது நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய காவலருடையது என்கிறார். விலையும் அதற்கேற்ப இருக்கிறது. நம்பலாமா?

பதில்: கதையை ஒதுக்கிவிட்டு முதலில் இரும்பைப் பாருங்கள். தாடைப்பட்டை மாட்டும் வளையங்கள் ஓட்டோடு அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தால் அந்த ஓடு 1943இன் பிற்பகுதிக்கு முந்தையது. கீல் போல் அசைந்தால் அதற்குப் பிந்தையது. விளிம்பைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையின் இரு முனைகளும் சேரும் இடம் 1944இன் பிற்பகுதி வரை நெற்றிப் பக்கம் இருந்தது, பிறகு பின்பக்கத்துக்கு மாறியது. ஆகவே பின்பக்க இணைப்புள்ள ஓடு எதுவும் படைகள் தரையிறங்கிய 1944 ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டியில் இருந்திருக்க வழியில்லை. இந்த ஒரு சோதனைக்கே பல கதைகள் கரைந்துவிடும். முன்பக்க இணைப்பு இருப்பதாலேயே அது நார்மண்டிக்குப் போனது என்றும் ஆகிவிடாது. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு பயிற்சி முகாமில் முழுப் போரையும் கழித்த ஓடுகள் ஏராளம்.

கேள்வி: எழுத்துகள் அந்தக் காலத்தில் எழுதியவைதானா என்பதை எப்படி அறிவது?

பதில்: இந்தத் துறையில் பெரும்பாலான மோசடிகள் நடப்பது இங்கேதான், ஏனென்றால் சாதாரண ஓட்டில் இரண்டு வெள்ளை எழுத்துகளைத் தீட்டினால் விலை பல மடங்காகிவிடும். முதலில் அடிவண்ணத்தைப் பாருங்கள். போர்க்காலப் பச்சை வண்ணத்தின் மேற்பரப்பில் பளபளப்பு தெரியாதிருக்க அரைத்த தக்கைத் துகளைச் சேர்த்தார்கள். போருக்குப் பின் மறுவண்ணம் பூசியபோது மணல் போன்ற துகளைப் பயன்படுத்தினார்கள். மணல் துகள் மேல் உட்கார்ந்திருக்கும் எம்.பி. எழுத்துகள் 1950களைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கொரியப் போரிலும் இதே ஓடுகள்தாம் மீண்டும் வழங்கப்பட்டன. அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கீறல்களைத் தொடர்ந்து பாருங்கள். பச்சையில் தொடங்கும் கீறல் வெள்ளை எழுத்தையும் வெட்டிக்கொண்டு போய் மறுபுறம் பச்சையில் முடிந்தால் நல்லது. வெள்ளை வண்ணம் கீறலுக்குள்ளேயே வழிந்து நிரம்பியிருந்தால் கீறல் முதலில் விழுந்தது, எழுத்து பிறகு வந்தது என்று பொருள். துரு ஏறிய குழிக்குள் வெள்ளை தங்கியிருப்பதும் அப்படியே. புறஊதா விளக்கில் எழுத்து பளீரென ஒளிர்ந்தால் அது புதிய வண்ணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒளிராததால் மட்டும் பழையது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எதைச் செய்தாலும் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்துச் சோதிக்காதீர்கள், போனது திரும்பாது.

கேள்வி: உள்ளே இருக்கும் லைனரின் தோல்பட்டையில் மையால் 'எஸ் 4821' என்பது போல் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் உள்ளன. இதுவும் தொழிற்சாலை எண்தானா?

பதில்: இல்லை, இதுதான் நீங்கள் தேட வேண்டிய பொருள். வீரரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் அவருடைய படை எண்ணின் (படையில் சேரும்போது ஒவ்வொரு வீரருக்கும் தரப்படும் எண்) கடைசி நான்கு இலக்கங்களும் சேர்ந்ததே இந்தக் குறி. துணி துவைக்கப் போடும்போது கலந்துவிடாமல் இருக்க எல்லா உடைமைகளிலும் இதை எழுதினார்கள். இதைக் கொண்டு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில், 1938 முதல் 1946 வரை படையில் சேர்ந்தோர் பதிவுகளில் தேடலாம். அங்கே சுமார் 90 லட்சம் பதிவுகள் உள்ளன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு இலக்கங்களில் 10,000 சேர்க்கைகள்தாம் உண்டு, எனவே ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 900 பேர் வருவார்கள், அவர்களில் 'எஸ்' என்ற எழுத்தில் பெயர் தொடங்குவோர் மட்டுமே பல பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் எழுத்து 'க்யூ' ஆக இருந்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். பட்டியலில் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அவரே உரிமையாளர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், ஏனென்றால் பொருள் விற்பனைக்கு வந்த ஊரும் அணிந்தவரின் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய துளையட்டைகளின் படச்சுருளை இயந்திரம் படித்து உருவாக்கிய தரவு என்பதால் இலக்கங்களும் பெயர்களும் சில இடங்களில் பிழையாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பலரைச் சிலராகக் குறைப்பதற்கு வெளிப்புறத்தில் உள்ள படைப்பிரிவுச் சின்னம் உதவும். ஒவ்வொரு காலாட்படை டிவிஷனுக்கும் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும்பிரிவு) ஒரு சிறிய இராணுவக் காவல் பிளாட்டூன் (சில பத்து வீரர்கள் கொண்ட குழு) இருந்தது. சின்னம் உண்மையானதாக இருந்தால், அந்தப் பிளாட்டூனின் அன்றாட அறிக்கைகளில் வருவோர், போவோர், மருத்துவமனைக்கு அனுப்பப்படுவோர் ஆகியோரின் பெயரும் படை எண்ணும் வரும். அந்தச் சிறு கூட்டத்துக்குள் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் பொருந்துபவர் இருவராக இருப்பது அரிது. இவ்வளவும் பொருந்தினாலும் நீங்கள் கண்டுபிடித்தது லைனரின் உரிமையாளரைத்தான். லைனரும் ஓடும் பழுதுபார்க்கும் இடங்களிலும், போருக்குப் பின் வியாபாரிகளின் கிடங்குகளிலும் தாராளமாக மாறிப்போயின. பின்தளங்களில் காவலர்கள் பெரும்பாலும் லைனரை மட்டுமே அணிந்ததால் அதன் மேலும் எம்.பி. என்று தீட்டியிருப்பார்கள். ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். லைனரிலும் எழுத்து இருந்தால் உங்கள் வாதம் வலுப்படும்.

கேள்வி: என்னிடமுள்ள லைனரில் முழு எண்ணும் இருக்கிறது, ஆனால் ஒன்பது இலக்கங்கள்.

பதில்: அப்படியானால் அதை எழுதியவர் உலகப் போர்க்கால வீரர் அல்லர். அன்று கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்களுக்கு எட்டு இலக்கம். 32 என்று தொடங்கினால் நியூயார்க், நியூ ஜெர்சி, டெலவேர் பகுதியில் சேர்க்கப்பட்டவர் என்பது வரை சொல்லலாம். தரைப்படை 1969 ஜூலையில் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு (அமெரிக்க அரசு குடிமக்களுக்குத் தரும் அடையாள எண்) மாறியது; ஒன்பது இலக்கம் அதுதான். அதைப் படமெடுத்து எங்கும் பகிராதீர்கள்.

கேள்வி: பெயர் உறுதியாகிவிட்டது. ஆனால் அவருடைய கோப்பு தீயில் போயிற்று என்று பதில் வந்துள்ளது. இதோடு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. 1973 ஜூலை 12ஆம் நாள் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பற்றிய தீ, 1912க்கும் 1960க்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காட்டை அழித்துவிட்டது. ஆனால் அன்றாட அறிக்கைகளும் இறுதிச் சம்பளச் சீட்டுகளும் தப்பின. சம்பளச் சீட்டை இன்றும் கேட்டுப் பெறலாம். பலரும் கவனிக்காத இன்னோர் இடம், அவர் திரும்பிவந்து வாழ்ந்த மாவட்டத்தின் நீதிமன்ற வளாகம். விடுவிப்புச் சான்றிதழ் தொலைந்துபோகாமல் இருக்க அதன் நகலை அங்கே பதிவுசெய்யும் வழக்கம் இருந்தது. அதோடு 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் முழுமையாகத் திறக்கப்பட்டுவிட்டன. குடும்பத்தை அவற்றில் பின்தொடரலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது தட்டையான, அகன்ற விளிம்புள்ள தலைக்கவசம். தாத்தா பர்மாப் போர்முனையில் இந்திய இராணுவத்தில் இருந்தார். இதே வழி பொருந்துமா?

பதில்: பொருந்தாது. நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் வகைத் தலைக்கவசம். விளிம்பின் அடியிலும் தாடைப்பட்டையின் பிடிகளிலும் செய்தவர் முத்திரையும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாத்தாவின் படை எண் தெரிந்தால், அவர் இருந்த படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு வாரிசு என்ற முறையில் எழுதுங்கள். அவர் இராணுவக் காவல்படையில் இருந்திருந்தால் அதன் மையம் பெங்களூரில் உள்ளது.

கேள்வி: உரிமையாளரின் பேத்தியின் முகவரி கிடைத்துள்ளது. எப்படித் தொடர்புகொள்வது?

பதில்: தொலைபேசி வேண்டாம், கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், பொருள் எங்கே கிடைத்தது, எதனால் அவருடையது என்று கருதுகிறீர்கள், எந்த இடத்தில் உங்களுக்கே ஐயம் இருக்கிறது என்பனவற்றை ஒரு பக்கத்துக்குள் சொல்லி, பெயர் எழுதியுள்ள இடத்தின் படத்தை இணையுங்கள். கையெழுத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். அது எந்தத் தரவுத்தளமும் தராத சான்று. விலையைப் பற்றி முதல் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் எழுதாமல் விட்டுவிடுங்கள்.