தோள்வலியும் கேமரா எடையும்

வணக்கம் அண்ணே. கேனன் 5டி மார்க் 4 கேமராவும் 70-200 எஃப்2.8 ஜூம் லென்ஸும் தூக்கியே தோள் போச்சு, சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட, எடை குறைந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுப்பவன்தான்.

உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2.3 கிலோவைத் தாண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸ் 40-150 எஃப்2.8 லென்ஸ், ஸ்டாண்டில் மாட்டும் வளையத்தைக் கழற்றினால் 760 கிராம்தான்.

ஆனால் சென்சார் பரப்பு உங்கள் கேமராவில் இருப்பதில் கால்வாசிதான். தோட்டத்துக் கோயிலில், டியூப்லைட் வெளிச்சத்தில் தாலி கட்டும்போது ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) 6400 வரை ஏற்றினால் மணப்பெண்ணின் கூந்தலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கே எனக்குக் கைகொடுப்பது, வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும் 45 எம்எம் எஃப்1.8 லென்ஸ். வெறும் 116 கிராம், சட்டைப் பையிலேயே கிடக்கும்!

பழைய கேமராவை உடனே விற்காதீர்கள். முதலில் ஒரு காதுகுத்துக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அப்புறம், கேமராவின் கழுத்து வாரை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.