போனைப் பிடுங்கலாமா? இணையக் கேலி: பெற்றோர், பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

பத்தாம் வகுப்பு மகளின் போட்டோவை ஸ்டிக்கராக்கி, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டுகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் அழுதுகொண்டிருக்கிறாள். போனை வாங்கி வைத்துவிடலாமுங்களா? (திருப்பூர்)

வேண்டாமுங்க. போன் போய்விடும் என்று பயந்துதான் பல பிள்ளைகள் வீட்டில் வாயே திறப்பதில்லை. “நீ எதுக்கு அந்த குரூப்புக்குப் போனே?” என்றும் கேட்காதீர்கள். “கோவமா இருக்கா கண்ணு, அவமானமா இருக்கா, பயமா இருக்கா?” என்று கேளுங்கள். அவள் எந்த உணர்ச்சியைச் சொல்கிறாளோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை. கோபமென்றால் உடனே பதில் போடாமல் தடுக்க வேண்டும். அவமானமென்றால் பள்ளிக்குப் போக மறுக்கலாம். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பயமென்றால் யாராவது மிரட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது ஆதாரம். அனுப்பியவர் நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குரூப் அட்மின் பட்டியலையும் எடுங்கள். அதன்பிறகே ரிப்போர்ட். முதலிலேயே ரிப்போர்ட் அடித்து வெளியேறினால் சாட்டும் சேர்ந்து அழிந்துவிடலாம். கடைசியாக வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, குரூப்ஸ் என்று போய் ‘மை கான்டாக்ட்ஸ்’ என மாற்றிவிடுங்கள். தெரியாத நம்பர்கள் அவளைக் குரூப்பில் சேர்க்க முடியாது.

மகன் போலிக் கணக்கு தொடங்கி வகுப்புப் பையனைக் கேலி செய்திருக்கிறான். அடித்தும் “சும்மா ஓட்டுனேன்” என்கிறான். (கோபி)

அடித்தால் அடுத்த முறை மாட்டாமல் செய்யத்தான் கற்றுக்கொள்வான். திரையில் அவனுக்குத் தெரிவது சிரிப்பு எமோஜிகள் மட்டும். எதிராளியின் முகம் தெரியாது. “மறுநாள் ஸ்கூல் பஸ்ஸுல அந்தப் பையன் யாரு பக்கத்துல உட்கார்ந்தான்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். மன்னிப்பு நேரில், செய்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும்; அந்தப் பையன் சம்மதித்தால் மட்டும். இன்ஸ்டாவில் மன்னிப்புப் போஸ்ட் போட்டால், மறந்தவர்களுக்கும் நினைவுபடுத்தியதாகிவிடும்.

என் போட்டோவை மார்ஃபிங் செய்து பணம் கேட்கிறான். ஹாஸ்டலில் சொல்லப் பயம். எனக்கு 16 வயது. (நாமக்கல்)

தப்பு உன்னுடையது இல்லை அம்மணி. பணம் கொடுக்காதே, ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். சாட்டை அழிக்காதே. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரை ஆபாசமாகச் சித்திரிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை, படம் உன் போனைவிட்டு வெளியே போகாமலே அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கும் தளங்களில் நீக்க உதவும். வாட்ஸ்அப் சாட்டுக்குள் அது எட்டாது. மனசு தாங்கவில்லையென்றால் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பெரியவர்களுக்கு: ‘ஆதாரம்’ என்று அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதும் குற்றம்தான்.

இன்ஸ்டாவில் பிளாக் நல்லதா, ரெஸ்ட்ரிக்ட்டா? (பொள்ளாச்சி)

தினமும் பார்க்கிற வகுப்புத் தோழன் என்றால் ரெஸ்ட்ரிக்ட். அவன் போடும் கமென்ட் அவனுக்கு மட்டுமே தெரியும். ரெஸ்ட்ரிக்ட் செய்ததாக அவனுக்கு அறிவிப்பும் போகாது. முன்பின் தெரியாதவன் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக்.